எல்லாரும் ஆடி அமாவாசையில் இறந்தார்கள்

நான் பள்ளிக்கூடங்களில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். உலகப் போர் பாடம் வரும்போதெல்லாம் மாணவர்களிடம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒரு சான்று கையில் கிடைத்தால் உடனே நம்பிவிடாதீர்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது, யாரிடம் சொன்னது, எதற்காகச் சொன்னது என்று கேளுங்கள். எனக்கு இதைக் கற்பித்தவர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர். நல்ல பாடம்தான். அதை வைத்துக்கொண்டு மாணவனாக இருந்தபோது நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. அப்போது உடன் இருந்தவர்களில் இப்போது நான் மட்டும் மிச்சம். எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் மலாயாவிலிருந்து படிப்புக்காகச் சிங்கப்பூர் வந்தேன். சிராங்கூன் ரோட்டிலிருந்து ஜாலான் புசார் பக்கம் போகும் ஒரு சந்தில், ஒரு கடைவீட்டு மாடியில் எனக்கு அறை கிடைத்தது. கீழே சீனர் ஒருவரின் இரும்புச் சாமான் கடை. மாடியில் ஓர் அம்மாள் தன் மகளோடு இருந்தார். முன்னறையை அவர்கள் வைத்துக்கொண்டு, பலகை அடித்துப் பிரித்த சின்ன அறையை எனக்கு விட்டிருந்தார்கள். சாப்பாடும் அவர்களிடமே. சந்தில் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அக்கா விடியற்காலையில் இட்லியும் இடியாப்பமும் அவித்துப் பொட்டலம் கட்டுவார். இரும்புக் கடைகளுக்கு வரும் லாரி ஆட்களும் துறைமுகத்துக்குப் போகிறவர்களும் வாங்கிப் போவார்கள். உள்ளே வாழை இலை, வெளியே பழைய செய்தித்தாள். அந்தத் தாள்களைப் பழைய பேப்பர் கடையில் எடைபோட்டு வாங்கி வந்து, மத்தியானம் உட்கார்ந்து கத்தியால் வெட்டி அடுக்குவார்கள். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஏறக்குறைய என் வயது. வெட்டும்போது கையில் வந்த தாளை அவள் உரக்கப் படிப்பாள். அக்காவுக்கு உலகச் செய்தி தெரிந்ததெல்லாம் அப்படித்தான், ஒரு மாதம் இரண்டு மாதம் தாமதமாக.

அக்காவின் கணவர் ஜப்பானியர் காலத்தில் சயாமில் இறந்தவர். ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவரை, சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டை வெட்டிப் போட்ட ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போது மகள் வயிற்றில். அவருடைய படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. தோட்டத்தில் யார் படம் எடுத்தார்கள்? ஆனால் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அக்கா ஒன்றைத் தவறாமல் சொல்லுவார்.

"திருவிழாவுல பச்சை குத்தறவகிட்ட கையில கிளி போடச் சொல்லியிருக்காரு தம்பி. அவ கோழியப் போட்டுட்டா. நான் கோழின்னு சொன்னா இவருக்குக் கோவம் வரும் பாரு! கிளிதான்டி, கொஞ்சம் சதை போட்ட கிளிம்பாரு."

சொல்லிவிட்டுச் சிரிப்பார். பிறகு முகம் அமைதியாகிவிடும். "என்னமோ, நல்லபடியாப் போய்ச் சேர்ந்தாரு. அந்த அண்ணன் கூட இருந்தாரு. அதுவே போதும்."

அந்த அண்ணன் அடுத்த சந்தில் மாவு மில் வைத்திருந்தவர். அதே தோட்டத்திலிருந்து அதே வண்டியில் சயாமுக்குப் போய்த் திரும்பி வந்தவர். போர் முடிந்ததும் அக்காவைத் தேடிவந்து செய்தி சொன்னவர் அவர்தான். ஆடி அமாவாசை அன்று காய்ச்சலில் போய்விட்டார். நான்தான் வாயில் தண்ணீர் ஊற்றினேன், வாய்க்கரிசி போட்டேன், கொள்ளி வைத்தேன் என்று சொன்னாராம். அக்கா அன்று முதல் அவரைக் கூடப்பிறந்தவராகவே வைத்திருந்தார். அரிசி அரைக்க அவர் கூலி வாங்கியதில்லை. ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அவர் வந்துதான் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். "கொள்ளி வச்ச கை அது. வேற யாரு இறைச்சாலும் அவருக்குச் சேராது" என்பார் அக்கா.

அந்த மூன்று வார்த்தைகளின் மேல்தான் அக்கா அத்தனை ஆண்டுகளும் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர், அரிசி, கொள்ளி. அது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மூன்றாம் ஆண்டில் போரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டியிருந்தது. நான் சயாம் ரயில் பாதையை எடுத்துக்கொண்டேன். நூலகத்தில் இருந்தவை எல்லாம் வெள்ளைக்காரக் கைதிகள் எழுதியவை. மறைத்து வைத்து வரைந்த படங்கள், டாக்டர்களின் குறிப்புகள், அதிகாரிகளின் நினைவுகள். மழை எப்போது தொடங்கியது, காலரா எந்த முகாமில் எப்போது வந்தது, எல்லாம் அவற்றில் இருந்தன. எங்கள் ஆட்களைப் பற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வரிகள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கூலிகளின் முகாமில் பிணங்களைப் புதைக்கக்கூட ஆளில்லை, நாற்றம் இங்கே அடித்தது, அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் எதுவும் எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு, அவர்களிலும் பலர் திரும்பவில்லை.

எழுத்தில் இல்லாததை வாயால் கேட்டு வாங்கலாம் என்று பேராசிரியர் சொன்னார். தேநீர்க் கடைகளிலும் கள்ளுக்கடை வாசலிலும் சயாமிலிருந்து திரும்பியவர்களைத் தேடிப் பிடித்தேன். பலர் பேச மறுத்தார்கள். பேசியவர்களிடம், கூடப் போய் இறந்தவர்களைப் பற்றிக் கேட்டேன். சில வாரங்களில் ஒன்று கண்ணில் பட்டது. ஒருவர் பேராக்கிலிருந்து போனவர், இன்னொருவர் சிலாங்கூர், இன்னொருவர் ஜொகூர். வேறுவேறு முகாம்கள். ஆனால் அவர்கள் சொன்ன சாவுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. எல்லாரும் ஆடி அமாவாசையில் இறந்தார்கள். எல்லாருக்கும் யாரோ ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றினார், அரிசி போட்டார், கட்டை அடுக்கிக் கொள்ளி வைத்தார்.

புத்தகங்களைத் திரும்பப் பார்த்தேன். ஆடி மாதத்தில் அந்தக் காட்டில் விடாத மழை. காய்ந்த குச்சி கிடையாது. சோற்றுக்கே அரிசி இல்லை. இருபது ஆண்டுகளாக இத்தனை வீடுகளில் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு கதை நடந்திருக்கவே முடியாது என்பதைக் கண்டுபிடித்த முதல் ஆள் நான்! அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

ஒரு மத்தியானம் மில்லுக்குப் போனேன். மிளகாய் அரைத்து முடித்த நேரம். கண் எரிந்தது. மில்கார அண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க படிச்ச தம்பி. மொளகாத் தூளுக்கும் பரீட்சை வச்சுட்டானா?"

"இல்லண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சயாமப் பத்தி."

"அது கெடக்குது லா. போனோம், வந்தோம். காப்பி குடிக்கிறியா?"

"அண்ணே, எல்லாரும் ஆடி அமாவாசையிலயா செத்தாங்க?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் மில் கதவின் ஒரு பலகையைச் சாத்தினார். பெரிய உடம்புக்காரர். மூட்டையைத் தனியாகத் தூக்குவார். அந்தப் பலகை அவருக்கு இரண்டு தடவை நழுவியது.

"யாரு சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன். எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க."

"தங்கச்சிகிட்ட சொன்னியா?"

"இல்லண்ணே."

அவர் கோணிப்பையின் மேல் உட்கார்ந்தார். திரும்பி வரும் வழியில், ரயிலில், வீட்டுக்காரர்களிடம் என்ன சொல்வது என்று எல்லாரும் பயந்துகொண்டே வந்தார்களாம். யார் எந்த நாளில் செத்தார் என்று யாருக்கும் தெரியாது. கிழமையே தெரியாமல் இருந்தவர்கள். வண்டியில் இருந்த ஒரு கங்காணி சொன்னாராம், எல்லாருக்கும் ஆடி அமாவாசை என்று சொல்லிவிடுங்கள். நாள் தெரியாமல் செத்தவர்களுக்குச் செய்கிற நாள்தானே அது, எந்தக் கோயிலிலும் அன்றைக்குச் செய்துகொள்ளலாம். தண்ணீரும் அரிசியும் கொள்ளியும் சேர்த்துச் சொல்லுங்கள், பெண்டுபிள்ளைகள் தூங்கட்டும் என்றாராம். அந்த வண்டியில் முடிவானது மற்ற வண்டிகளுக்கும் பரவியிருக்கிறது.

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். அதுவே போதுமான கட்டுரை. நான் நிறுத்தவில்லை.

"அப்ப அக்கா வீட்டுக்காரரு எப்படிண்ணே?"

"வேணாம் தம்பி."

"எழுதி வைக்கலன்னா யாருக்கும் தெரியாமலே போயிடும்ண்ணே. வெள்ளைக்காரன் எழுதி வச்சிருக்கான். நம்ம ஆளுங்களுக்கு யாரு இருக்கா?"

இந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் எல்லாரிடமும் வாங்கியிருந்தேன். அவரிடமும் வாங்கினேன். சொல்லும்போது அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அடிக்க வரப்போகிற மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"காலரா வந்தவங்கள ஒரு கொட்டாயில தள்ளிருவானுங்க. யாரும் உள்ள போகக்கூடாது. அவன் அங்க இருந்தான். ஒரு நாள் கொட்டாய எரிக்கச் சொல்லி ஆர்டர். மூங்கிலெல்லாம் நனஞ்சு கெடக்குது. மண்ணெண்ணெய் ஊத்தினானுங்க. எல்லாம் செத்தாச்சுன்னு சொன்னான் ஜப்பான்காரன். சாகல தம்பி. தட்டி இடுக்குல ஒரு கை வந்துச்சு. கிளி போட்ட கை. தண்ணி, தண்ணிங்கிறான். என் பேரச் சொல்லிக் கேக்குறான். காய்ச்சின தண்ணி யாருகிட்ட இருக்குது? ஆத்துத் தண்ணியத் தொட்டா நமக்கும் வந்துரும். பின்னால துப்பாக்கி. பந்தம் என் கையில."

அவர் நிறுத்தினார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொள்ளி வச்சேன்னு தங்கச்சிகிட்ட சொன்னேன்ல. அது மட்டும் பொய்யில்ல" என்றார்.

அக்கா காதுக்குப் போகக்கூடாது என்று கையை நீட்டினார். மிளகாய்த் தூள் அப்பிய அந்த உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கட்டுரையில் ஆடி அமாவாசையைப் பற்றி மட்டும் எழுதினேன். பேராசிரியர் வகுப்பில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அது போதவில்லை எனக்கு. தமிழில் எழுதி ஒரு நாளிதழின் ஞாயிறு மலருக்கு அனுப்பினேன். புனைபெயர்தான். மில்காரர் என்றோ, அக்கா என்றோ, எந்தத் தோட்டம் என்றோ எழுதவில்லை. முதல் பிரதியில் அந்தக் கை இல்லை. படித்துப் பார்த்தேன், யாரும் நம்பமாட்டார்கள் போல இருந்தது. எவனோ கேட்டு எழுதியது போல, வெறும் வதந்தி போல இருந்தது. அந்தக் கையைச் சேர்த்தேன். கோழி போன்ற ஒரு கிளி என்று எழுதினேன். உடனே கட்டுரைக்கு உயிர் வந்துவிட்டது. அந்தக் கை கேட்டதையும், காய்ச்சிய தண்ணீர் இல்லாததையும், எனக்குச் சொன்னவரின் கையில்தான் பந்தம் இருந்தது என்பதையும் எழுதினேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வீட்டில் செய்தித்தாள் வாங்குவதில்லை. பயமில்லை என்று நினைத்தேன்.

கட்டுரை வந்தது. இரண்டு பிரதி வாங்கிப் பலமுறை படித்தேன். அடுத்த வாரம் ஒரு நாள், பல்கலைக்கழகத்தில் மரத்தடியில் உட்கார்ந்து அக்கா கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். இலையைச் சுற்றியிருந்த தாளில் ஒரு சவுளிக் கடை விளம்பரம். எண்ணெய் ஊறிய அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் செய்தித்தாள் வாங்குவதில்லை என்று யார் சொன்னது? எடைபோட்டு வாங்குகிறார்கள். என் கட்டுரை எங்கேயும் போய்விடவில்லை. பழசாகிக்கொண்டிருக்கிறது. பழசானதும் வீட்டுக்கு வரும். வந்ததும் மகள் உரக்கப் படிப்பாள்.

பொட்டலத்தை அப்படியே மடித்துப் பையில் வைத்தேன்.

அதற்குப் பிறகு இருந்த பயத்தை எப்படிச் சொல்ல? படியேறும்போதே காது கூர்மையாகிவிடும். பலகைக்கு அந்தப் பக்கம் மகள் படிக்கும் குரல் கேட்டால் மூச்சு நின்றுவிடும். மாட்டைக் காணவில்லை என்ற அறிவிப்பாக இருக்கும். மூச்சு வரும். புதுக் கட்டு வந்தால் நானே வெட்டித் தருகிறேன் என்று போய் உட்காருவேன். வேகவேகமாகப் புரட்டுவேன்.

"புரொபசருக்கு என்ன வந்துச்சு?" என்பாள் மகள். "புஸ்தகமெல்லாம் தீந்துபோச்சா, எங்க பேப்பருக்கு வந்துட்டாரு?"

"தம்பி ஏதோ ஒத்தாசை பண்ணுது. விடேன்டி" என்பார் அக்கா.

"வெட்டத் தெரியலம்மா அவருக்கு. பாரு, கோணல்மாணலா. இதுல இட்லியக் கட்டுனா லாரிக்காரன் என்னையத் திட்டுவான்."

சிரிப்பேன். வேறு அறைக்குப் போயிருக்கலாம். போனால் அந்தத் தாள் வரும்போது பிடிக்க ஆளிருக்காது என்று இருந்தேன்.

அந்த ஆண்டு ஜூலையில் ஊரில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் வந்தது. எங்கள் சந்தில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. தூரத்தில் சத்தம் கேட்டது. லாரிகளில் போலீஸ் போய்க்கொண்டிருந்தது. ஊரடங்கு போட்டார்கள். தெருவில் தலை தெரிந்தால் சுடுவார்கள் என்று பேச்சு. கீழே இரும்புக் கடைக்காரர் பலகையெல்லாம் போட்டு உள்ளே ஒளிந்துகொண்டார். இட்லி அவித்தால் வாங்க ஆளில்லை. பகல் முழுவதும் மூன்று பேரும் மாடியில் அடைந்து கிடந்தோம்.

"சும்மா உக்காந்திருந்தா பயம்தான் வரும். அந்தப் பேப்பர்க் கட்டை எடு, வெட்டி வைப்போம்" என்றார் அக்கா.

கலவரத்துக்கு முந்திய நாள்தான் வந்த கட்டு. நான் இன்னும் பார்க்காதது. நானும் போய் உட்கார்ந்தேன். கத்தி அக்காவின் கையில் இருந்தது. எடுத்து, மடித்து, கீறி, மகளிடம் தள்ளிக்கொண்டே இருந்தார். மகள் படித்தாள்.

"கறவை மாட்டைக் காணவில்லை. வெள்ளை நிறம், ஒரு கொம்பு உடைந்திருக்கும். கண்டுபிடித்துத் தருவோர்க்குத் தக்க சன்மானம்."

"கொம்பை ஒடச்சது யாருன்னு மாட்டக் கேட்டாத் தெரியும். அவன் பொண்டாட்டியாத்தான் இருக்கும்" என்றார் அக்கா. மூன்று பேரும் சிரித்தோம். எங்கோ சைரன் ஊதியது. சிரிப்பு நின்றது.

அடுத்த தாளை மகள் கையில் எடுத்தாள். எதிரே இருந்த எனக்கு அதன் பின்பக்கம்தான் தெரிந்தது. அவள் தலைப்பைப் படித்தாள். என்னுடைய தலைப்பு.

எழுந்து ஓட இடமில்லை. வெளியே ஊரடங்கு. "அத விடு, வேற படி" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் படித்துக்கொண்டே போனாள். எல்லாரும் ஆடி அமாவாசையில் இறந்ததாகச் சொல்லப்படுவது, மழை, விறகில்லாதது, வாய்க்கரிசிக்கு அரிசி இல்லாதது. அக்காவின் கத்தி நின்றுவிட்டது. பிறகு கொட்டகை. தட்டி இடுக்கில் நீண்ட ஒரு கை. அந்தக் கையில் கோழி போன்ற ஒரு...

மகள் நிறுத்திவிட்டாள்.

"படி" என்றார் அக்கா.

"அவ்வளவுதாம்மா. தொடர்ச்சி உள்பக்கம்னு போட்டிருக்கு."

"தேடு."

மகள் கட்டைக் கலைத்தாள். நானும் தேடுகிற மாதிரி கையை விட்டேன். அந்தத் தாள் என் கைக்குத்தான் வந்தது. சான்றுகளைக் காப்பாற்ற வேண்டும், எவ்வளவு கசந்தாலும் அழிக்கக் கூடாது என்று பிற்காலத்தில் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். அன்று நான் அதை மடித்துத் தொடைக்கடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா எழுந்தார். படி வரைக்கும் போனார். "அண்ணனப் பாத்துட்டு வரேன்" என்றார். மகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "அம்மா, சுட்டுருவாங்கம்மா." அக்கா படியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். திரும்பாமலே கேட்டார்.

"தம்பி. நீதானே அண்ணன்கிட்ட அடிக்கடி போய்ப் பேசிக்கிட்டிருந்தே. இது நீ எழுதினதா?"

"ஆமாக்கா."

"அது அவரு கைதானா?"

"ஆமா."

"எதுக்குக் கைய நீட்டினாரு?"

அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. முகத்தைப் பார்த்திருந்தால் வேறு பதில் வந்திருக்குமா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. "அண்ணனக் கும்பிட்டாராம்க்கா. வீட்டப் பாத்துக்கன்னு சொன்னாராம். உடனே போயிட்டாராம்" என்றேன். கோத்துக் கோத்து நன்றாகவே சொன்னேன். அந்த ரயிலில் திரும்பியவர்கள் சொன்னதைவிட நன்றாக. அக்கா திரும்பவில்லை. மகள் மட்டும் என்னைப் பார்த்தாள்.

தாளை என் அறையில் பாய்க்கடியில் வைத்தேன். அடுப்பில் போட்டுவிடலாம் என்றால் அக்கா அடுப்படியை விட்டு நகரவில்லை. ஊரடங்கைச் சில மணி நேரம் தளர்த்தியபோது மில்லுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொல்லி அவரை எச்சரிக்கத்தான் போனேன். அவர் கதவைத் திறந்து, "என்ன தம்பி மூஞ்சி இப்படி வெளிறிப்போச்சு? தங்கச்சி நல்லாருக்குதுல்ல?" என்று கேட்டார். நல்லாயிருக்காங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து பாயைத் தூக்கினேன். தாள் இல்லை. அறை கூட்டியிருந்தது.

யாரைக் கேட்பது? எதைக் காணோம் என்று கேட்பது? மகள் சோறு போட்டாள். அக்கா இட்லி அவித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மகள் அதற்குப் பிறகு தாள்களைப் படிக்கவில்லை. பேசாமல் வெட்டினாள். கத்தி தாளைக் கீறும் சத்தம் மட்டும் பலகை வழியாக வந்துகொண்டிருந்தது.

ஆடி அமாவாசை வந்தது. ஊர் அடங்கியிருந்தது, ஆனாலும் தெருவில் எல்லாரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நடந்தார்கள். எனக்கு அன்று வகுப்பு இருந்தது. "இருந்துட்டுப் போ" என்றார் அக்கா. இருந்தேன்.

வழக்கம் போல விளக்கேற்றி, புது வேட்டி ஒன்றை மடித்து வைத்து, இலை போட்டிருந்தார்கள். மில்கார அண்ணன் குளித்துத் திருநீறு பூசி வந்தார். படியேறும்போதே, "தங்கச்சி, இந்த வருசம் பாசார்ல வாழக்கா வெலயப் பாத்தியா?" என்று பேசிக்கொண்டே வந்தவர், எங்கள் முகங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். முதலில் அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்தார். எள்ளைத் தேடினார். எள் வைக்கவில்லை.

"இறைக்க வேணாம்ண்ணே" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "இந்தத் தடவ குடிக்கக் குடுங்க. கையில குடுக்கற மாதிரி வைங்க."

அடுப்படியிலிருந்து ஒரு பித்தளை டம்ளரைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு வந்து தரையில் வைத்தார். தண்ணீரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. காய்ச்சின தண்ணீர்.

மில்கார அண்ணன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அழுகிற சத்தம் வெளியே வரவில்லை. உடம்பு மட்டும் குலுங்கியது. அக்கா அவருக்கு எதிரே உட்கார்ந்தார். மகள் கதவு ஓரத்தில் நின்றாள். அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஆறிடுச்சான்னு தொட்டுப் பாரு."

முழங்காலிட்டு டம்ளரைத் தொட்டேன். விரல் சுட்டது. ஆறிடுச்சுக்கா என்று சொல்லத்தான் வாய் போனது. சொன்னால் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும், நான் வகுப்புக்குப் போய்விடலாம். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லக்கா. இன்னும் சுடுது."

"அப்ப இருப்போம்" என்றார்.

நான்கு பேரும் அந்த டம்ளரைச் சுற்றி உட்கார்ந்து, அது ஆறுவதற்காகக் காத்திருந்தோம்.